அப்பன் யாருன்னு தெரியும், கையெழுத்து யாருதுன்னு தெரியாது: ஒரு மினியேச்சர் குதிரைக் குட்டிக்கு பேப்பர் வாங்கின கதை

ஏப்ரல் 14 விடியக்காலை எங்க பக்கத்து பண்ணையில ஒரு குதிரைக் குட்டி பொறந்துச்சு, மினியேச்சர் குதிரை, நின்னா நம்ம முழங்காலுக்கு கொஞ்சம் மேல வரும், தூரத்துல பாத்தா ஆட்டுக்குட்டின்னுதான் நெனப்பீங்க. அந்தப் பண்ணைக்கார அம்மாவுக்கு எழுபது வயசு, தனியா இருக்காங்க, டெக்சஸ்ல எங்க வீட்டுக்கு வேலி தாண்டினா அவங்க இடம். நான் கம்ப்யூட்டர் வேலை பாக்குறவன்ங்கிறதால ஃபாரம் ஃபில் பண்றது எல்லாம் எனக்கு தெரியும்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. குட்டியோட பேப்பர் வேலைய, அதாவது அதோட வம்சத்த குதிரைச் சங்கத்துல பதிவு பண்ற வேலைய, கொஞ்சம் பாத்துக் குடுன்னு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவ கையில குடுத்தாங்க, உள்ள நாலஞ்சு காகிதம். ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்னு நெனச்சேன். ஏழு மாசம் ஆச்சு.

டப்பாவுல என்ன இருந்துச்சு, என்ன இல்லங்கிறதுதான் மொத்த கேஸும், அதனால அதை முதல்ல சொல்லிடுறேன். தாய்க்குதிரைய அந்தம்மா போன அக்டோபர்ல ஒரு ஏலத்துல வாங்கினாங்க. ஒரு பெரியவர் ஆகஸ்ட்ல செத்துப்போயி அவர் பண்ணைல இருந்த குதிரை எல்லாத்தையும் மொத்தமா வித்த ஏலம் அது. லிஸ்ட்ல இந்தக் குதிரைக்கு நேரா 'ஆண் குதிரையோட விடப்பட்டது'ன்னு மட்டும் போட்டிருந்துச்சு, எந்த ஆண் குதிரைன்னு இல்ல. டப்பாவுல தாய்க்குதிரையோட ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட் ரெண்டு, ஏலத்துல குடுத்த பில், ஒரு காகின்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட் (குதிரைக்கு எடுக்குற ஒரு ரத்த டெஸ்ட்), அப்புறம் ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபாரம், அதுல வித்தவர் கையெழுத்து இருக்கு, வாங்கினவர் பேரு காலி. இனச்சேர்க்கை சர்டிஃபிகேட் இல்ல, ஸ்டாலியன் ரிப்போர்ட் (ஆண் குதிரைய எந்தெந்த பெண் குதிரையோட விட்டோம்னு ஓனர் சங்கத்துக்கு குடுக்குற கணக்கு) காப்பியும் இல்ல. ரெண்டு சர்டிஃபிகேட்லயும் ஓனர் பேரு செத்துப்போன பெரியவர் பேரு கூட இல்ல, அவருக்கும் முன்னாடி வச்சிருந்தவர் பேரு. நம்ம ஊர்ல மனை வாங்கிட்டு தாய்ப்பத்திரத்த தேடுற மாதிரிதான், மனை கண்ணு முன்னாடி இருக்கு, வேலி போட்டாச்சு, பட்டா மட்டும் மூணு கை முன்னாடி ஒருத்தர் பேர்ல நிக்குது.

ஏன் ரெண்டு சர்டிஃபிகேட்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மினியேச்சர் குதிரைக்கு ரெண்டு பெரிய பதிவு சங்கம் இருக்கு. ஒண்ணு ஏஎம்ஹெச்ஏ (அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன்), 1978ல ஆரம்பிச்சது, டெக்சஸ்லயே ஆல்வராடோல ஆபீஸ். இன்னொண்ணு ஏஎம்ஹெச்ஆர் (அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரிஜிஸ்ட்ரி), அமெரிக்கன் ஷெட்லாண்ட் போனி கிளப் நடத்துறது, அந்த கிளப் 1888ல இருந்தே இருக்கு. ஏஎம்ஹெச்ஏல 34 இன்ச்சுக்கு மேல போனா குதிரைய ஏத்துக்க மாட்டாங்க. ஏஎம்ஹெச்ஆர்ல 34 வரைக்கும் ஏ பிரிவு, அதுக்கு மேல 38 வரைக்கும் பி பிரிவு. மத்த குதிரைய எல்லாம் தோள்மேட்டோட உச்சியில அளப்பாங்க, இதுகள மட்டும் பிடரி மயிர் முடியிற கடைசி முடிகிட்ட அளக்குறாங்க. இதுல பெரிய வித்தியாசம் என்னன்னா ஏஎம்ஹெச்ஏ புத்தகம் மூடினது, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அங்க பேப்பர் இருந்தாதான் குட்டி சாதாரணமா உள்ள போகும், இல்லன்னா வளர்ந்தப்புறம் உயரம் காட்டி தனியா காசு கட்டி நுழையுற இன்னொரு வழி இருக்கு, அது சீப் இல்ல. ரெண்டு சங்கத்துலயும் பேப்பர் உள்ள குட்டிக்கு விலை ஜாஸ்தி. இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி ஒரு சபலம் வரும்.

நான் முதல்ல செஞ்ச தப்பு என்னன்னா, அப்பன் யாருன்னு கண்டுபிடிச்சா வேலை முடிஞ்சிரும்னு நெனச்சது. செத்துப்போன பெரியவரோட மகளுக்கு போன் போட்டேன், நல்ல பொண்ணு, ஆனா குதிரைன்னா அவங்களுக்கு அலர்ஜி, நிஜமாவே அலர்ஜி, தும்மல் வருமாம். அப்பா கொட்டகையில தீவனக் கடை காலண்டர் ஒண்ணு தொங்கவிட்டிருப்பாரு, எல்லாத்தையும் அதுலதான் எழுதுவாருன்னு சொல்லி போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அவர்கிட்ட ரெண்டு ஆண் குதிரை இருந்திருக்கு, ஒண்ணு பாலமினோ, அதாவது தங்க நெற உடம்பு வெள்ளை பிடரி, இன்னொண்ணு பே, செம்பழுப்பு உடம்பு கறுப்பு பிடரி கறுப்பு கால். காலண்டர்ல மார்ச் 15ல பாலமினோ பெயருக்கு பக்கத்துல 'உள்ள', மே 5ல 'வெளிய', மே 6ல பே 'உள்ள'. ஒரே மேய்ச்சல் நிலம், ஒரே பெண் குதிரைங்க, ஒரு ராத்திரி இடைவெளியில ஆள் மாத்தியிருக்காரு மனுஷன்.

குதிரைக்கு சினைக்காலம் சராசரி 340 நாள். ஏப்ரல் 14ல இருந்து பின்னாடி எண்ணினா மே 9 வருது. அப்போ பே. மினியேச்சருக்கு கொஞ்சம் சீக்கிரமே ஈனும்னு வேற சொல்றாங்க, அப்படின்னா இன்னும் பிந்தின தேதி, இன்னும் உறுதியா பே. ஆனா 320 நாள்லயும் ஈனும், 360லயும் ஈனும், அது எல்லாமே நார்மல்தான், அந்தக் கணக்குல பாத்தா ஏப்ரல் 19ல இருந்து மே 29 வரைக்கும் எந்த நாளும் இருக்கலாம், ரெண்டு பேரும் அதுக்குள்ள வர்றாங்க. தேதிய வச்சு முடிவு பண்ண முடியாது.

அடுத்து நெறம். குட்டி பே, உடம்பு செம்பழுப்பு, பிடரி கறுப்பு. தாய்க்குதிரை பேப்பர்ல 'சாரல்'னு போட்டிருக்கு, மழைச்சாரல் இல்ல, குதிரைக்காரங்க பாஷையில செந்நெறத்துக்கு சாரல்னு பேரு. செந்நெறக் குதிரைகிட்ட கறுப்பு நெறமி உண்டாக்குற ஜீன் ரெண்டு காப்பியும் வேலை செய்யாது. பாலமினோவும் அடியில செந்நெறம்தான், அதுக்கு மேல ஒரு கிரீம் ஜீன் வந்து வெளுத்துவிட்டது. செந்நெறமும் செந்நெறமும் சேந்தா கறுப்பு பிடரிக் குட்டி வரவே வராது, இது ஜெனடிக்ஸ்ல உறுதியான விதி. அப்போ பாலமினோ அவுட், பேதான் அப்பன். தேதியும் பே சொல்லுது, நெறமும் பே சொல்லுது. எனக்கு ஒரே பெருமை, துப்பறிஞ்சிட்டேன்ல.

பே வேற அந்த ஜூலைலயே வயித்துவலி வந்து செத்துப்போச்சு. ஆனா அதுக்கு பழைய குட்டிங்க இருந்ததால அதோட டிஎன்ஏ சங்கத்து ஃபைல்ல இருந்துச்சு. மகளுக்கு இது தெரியாது, பாவம், பே செத்தப்போ அப்பா அதோட வால்முடிய வெட்டி பின்னி வச்சிருந்தாருன்னு அதை பார்சல் பண்ணி அனுப்பிட்டாங்க. பாக்க அழகா இருந்துச்சு, ரிப்பன் எல்லாம் கட்டி. ஆனா கத்திரிக்கோல்ல வெட்டின முடியில வேர் இல்ல, லேப்ல வழக்கமா பண்ற டெஸ்ட்டுக்கு முடியோட வேர்க்குமிழ்தான் வேணும். பத்திரமா திருப்பி அனுப்பிட்டேன்.

ஒரே சீசன்ல ரெண்டு ஆண் குதிரை ஒரு பெண் குதிரையோட இருந்தா சங்கம் டிஎன்ஏ கேக்கும், கேக்கணும். இதுல ஒரு சின்ன விஷயம், நாமளா ஒரு லேப்ல பண்ணி ரிசல்ட்ட கொண்டுபோய் நீட்டினா அது நம்ம மனசாறுதலுக்குதான், சங்கம் குடுக்குற கிட்ல, குதிரை நம்பர் போட்டு, அவங்க சொல்ற லேபுக்கு போனாதான் ஃபைல்ல ஏறும். முடி எடுக்குறதும் லேசு இல்ல. 20, 30 முடி வேணும், விரல்ல சுத்தி வேரோட பிடுங்கணும். குட்டியோட பிடரி பஞ்சு மாதிரி, இழுத்தா பாதியில அறுந்துடும், அதனால வாலோட மேல்பக்கம் எடுத்தோம். முதல் தடவ நான் பிரஷ்ல இருந்து எடுத்து அனுப்பிரலாம்னு சொன்னேன், அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, தாய்க்கும் குட்டிக்கும் ஒரே பிரஷ்தானேப்பா போடுறேன்னு. சரிதான். ஈரமா இருக்குறப்போ எடுக்கக்கூடாது, காஞ்ச முடிய பேப்பர் கவர்ல போடணும்.

ரிசல்ட் வந்துச்சு. தாய் சரி. பே அப்பன் இல்ல.

நான் ரெண்டு தடவ படிச்சேன். இந்த டெஸ்ட் எப்படின்னா, குதிரையோட டிஎன்ஏல குறிப்பிட்ட சில இடங்கள பாப்பாங்க, விஹெச்எல்20, ஏஹெச்டி4ன்னு பேரெல்லாம் வாயில நுழையாது, ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு எழுத்து இருக்கும், ஒண்ணு தாய் குடுத்தது, ஒண்ணு அப்பன் குடுத்தது. தாய்கிட்ட எம், என் இருக்கு, குட்டிகிட்ட எல், என் இருக்குன்னா, என் தாய்கிட்ட இருந்து வந்தது, எல் அப்பன்கிட்ட இருந்துதான் வந்திருக்கணும், அப்பன்னு சொல்றவன்கிட்ட எல்லே இல்லன்னா அவன் அப்பன் இல்ல. ஒரே ஒரு இடத்துல ஒத்துவரலன்னா அது மரபணு மாற்றமா இருக்குமோன்னு யோசிப்பாங்க, இங்க நாலு இடத்துல ஒத்துவரல. இந்த டெஸ்ட்டோட பலமே இதுதான், நீ இல்லன்னு சொல்றத அடிச்சு சொல்லும். நீதான்னு சொல்றது அந்த அளவுக்கு இல்ல, ஒத்துப்போகுதுன்னுதான் சொல்லும், கூடப்பொறந்த ரெண்டு ஆண் குதிரைங்க நடுவுல சந்தேகம்னா சில சமயம் திணறும்.

அப்போ பாலமினோ. ஆனா நெற விதி முடியாதுங்குதே? கிணறு வெட்ட பூதம் வந்த கதை ஆயிருச்சு, மூணாவது ஆண் குதிரை ஒண்ணு வேலி தாண்டி வந்திருக்கோன்னு எல்லாம் மகள்கிட்ட கேட்டு அவங்களுக்கு கொஞ்சம் கோவம் கூட வந்துருச்சு. தீர்வு வந்தது டப்பாவுல இருந்த அந்த காகின்ஸ் ரிப்போர்ட்ல. குதிரைக்கு வர்ற ஒரு ரத்த சோகை வைரஸுக்கான டெஸ்ட் அது, மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிட்டு போக அது வேணும், இப்பல்லாம் குதிரைய போட்டோ எடுத்து ரிப்போர்ட்லயே போடுறாங்க. அந்த போட்டோல தாய்க்குதிரை குளிர்காலத்து முடியில நிக்குது, பிடரி சணல் நெறம், உடம்பு சிவப்பு, ஆனா முழங்காலுக்கு கீழ கால் சாக்லேட் கலர். கால்நடை டாக்டரம்மா கிட்ட காமிச்சேன், ஒரே நொடியில சொன்னாங்க, இது சாரல் இல்லப்பா, சில்வர் பேன்னு.

சில்வர்ங்கிறது மினியேச்சர்ல சர்வசாதாரணமா இருக்குற ஜீன், அது கறுப்பு நெறமிய மட்டும் வெளுக்கும், சிவப்ப தொடாது. அதனால பே குதிரையோட கறுப்பு பிடரி சணல் கலர் ஆயிடும், கறுப்பு கால் மங்கிடும், பாக்க அச்சு அசல் செந்நெறக் குதிரை மாதிரியே நிக்கும், பொறந்த உடனே போட்டோ பாத்து பேப்பர்ல சாரல்னு எழுதிடுவாங்க. இந்த மாதிரி தப்பு நெறம் எழுதின பேப்பர் எக்கச்சக்கம். இந்த ஜீனுக்கு கண்ணு குறைபாட்டோட தொடர்பு வேற இருக்கு, அதுக்காகவே தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, சில்வர் ரெண்டு காப்பி வந்தா கண்ணு பிரச்சினை தீவிரமா இருக்கும். நெற டெஸ்ட் போட்டோம், தாய்கிட்ட சில்வர் ஒரு காப்பி, கறுப்பு நெறமி ஜீன் ஒரு காப்பி. அந்தக் கறுப்ப குட்டிக்கு குடுத்திருக்கு, சில்வர குடுக்கல, பாலமினோ கிரீம குடுக்கல, முடிஞ்சுது, பே குட்டி. என்னோட நெற விதியில தப்பு இல்ல, பேப்பர்ல எழுதியிருந்த நெறத்த நம்பினதுதான் தப்பு.

இனி பாலமினோவோட முடி வேணும், அது சின்ன வயசு, முன்னாடி குட்டி ரிஜிஸ்டர் ஆனதே இல்ல, ஃபைல்ல டிஎன்ஏ இல்ல. அதே ஏலத்துல ஓக்லஹோமாக்காரர் ஒருத்தர் வாங்கிட்டு போயிருந்தாரு. இங்கதான் நான் ரெண்டு மாசம் வீணாக்கினேன். அவர்தான இப்போ ஓனர், அவரே இனச்சேர்க்கை சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடணும்னு நெனச்சு அவர நச்சரிச்சேன், அவரும் நல்ல மனுஷன், போட்டும் அனுப்பிட்டாரு. சங்கம் திருப்பி அனுப்பிட்டாங்க. சேர்க்கை நடந்த அன்னிக்கு ஆண் குதிரை யார் கையில இருந்துச்சோ அவங்கதான் கையெழுத்து போடணும். இப்ப ஓனர்கிட்ட நமக்கு வேண்டியது 30 முடி மட்டும். அன்னிக்கு ஓனர் செத்துப்போன பெரியவர், அவருக்கு பதிலா அவரோட உயிலை நிறைவேத்துற ஆள், அதாவது மகள், அந்த அதிகாரத்துக்கு கோர்ட்ல குடுத்த லெட்டர்ஸ் டெஸ்டமென்டரிங்கிற பத்திரத்தோட காப்பியோட.

டிஎன்ஏ இருந்தா அப்புறம் கையெழுத்து எதுக்குன்னு நானும் கேட்டேன். யோசிச்சுப் பாத்தா நியாயம்தான். அந்த சர்டிஃபிகேட் அப்பன் யாருன்னு சொல்ற காகிதம் மட்டும் இல்ல, என் குதிரைய இந்த சேர்க்கைக்கு விட்டேன், எனக்கு வரவேண்டிய காசு பாக்கி இல்லன்னு ஓனர் ஒத்துக்குற காகிதமும் அதுதான். இல்லன்னா வேலிய தாண்ட விட்டு சாம்பியன் குதிரையோட குட்டிய ஓசியில எடுத்துக்கிட்டு டிஎன்ஏ காட்டி பேப்பர் வாங்கிடலாமே. முடி சொல்றது ரத்தத்த, கையெழுத்து சொல்றது சம்மதத்த, ரெண்டும் வேற வேற கேள்வி, நான் ஏழு மாசமா ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டு இருந்தேன்.

தாய்க்குதிரை பக்கமும் அதே கதைதான். பேரு காலியா விட்ட அந்த டிரான்ஸ்ஃபர் ஃபாரம் ஞாபகம் இருக்கா, ஏலத்துல ஒரு ஆளு அந்தம்மாகிட்ட, அதுல உங்க பேர எழுதி அனுப்பிருங்க, ஒரே ஃபீஸோட போயிரும்னு சொல்லியிருக்காரு. அப்படி எழுதியிருந்தா என்ன ஆகும்? ரெகார்டுல பெரியவரே காணாமப் போயிடுவாரு, சேர்க்கை நடந்த அன்னிக்கு தாய்க்கு ஓனர் முதல் ஆள், அதாவது பெரியவருக்கு முன்னாடி வச்சிருந்தவர்னு வரும், அவருக்கு இந்த பாலமினோவ பத்தி தலையும் தெரியாது வாலும் தெரியாது, கையெழுத்து போட சொன்னா ஓடியே போயிடுவாரு. அதனால ரெண்டு டிரான்ஸ்ஃபர், ரெண்டு ஃபீஸ், முதல் ஆள்ல இருந்து பெரியவருக்கு அவர் வாங்கின தேதியில, பெரியவர் எஸ்டேட்ல இருந்து அந்தம்மாவுக்கு ஏலத் தேதியில. பணம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா சங்கிலி அறுந்திருந்தா அதுக்கு மேல எதையும் மாட்ட முடியாது. போடாம விட்ட ஸ்டாலியன் ரிப்போர்ட்டையும் மகள் லேட் ஃபீஸ் கட்டி போட்டாங்க, அதுக்கு ஆதாரம் அந்த தீவனக் கடை காலண்டர்தான்.

அந்த சபலத்த சொல்றேன்னேன்ல. தாய்க்கு ரெண்டு சங்கத்துலயும் பேப்பர், பேக்கும் ரெண்டுலயும் பேப்பர், பாலமினோவுக்கு ஏஎம்ஹெச்ஆர் மட்டும்தான். அதாவது பேதான் அப்பன்னு இருந்திருந்தா குட்டி ரெண்டு பக்கமும் ஏறியிருக்கும். டிஎன்ஏ எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எங்ககிட்ட சொன்னாரு, காலண்டர் போட்டோவ எதுக்கு சங்கத்துக்கு காட்டுறீங்க, பேன்னு எழுதி மகள்கிட்ட கையெழுத்து வாங்கிருங்க, யாருக்கு தெரியப்போகுதுன்னு. உண்மைய சொல்லணும்னா நாங்க மனசார பேதான்னு நம்பிக்கிட்டிருந்த நேரம் அது, பொய்னு கூட தோணியிருக்காது. அப்படி போயிருந்தா இந்த ஆண்குட்டி நாளைக்கு வளர்ந்து பொலிகுதிரையா நின்னு அதோட டிஎன்ஏ எடுக்குற அன்னிக்கு மாட்டியிருக்கும், அதோட அது வரைக்கும் போட்ட குட்டிங்க பேப்பரும் சேந்து மாட்டியிருக்கும். அந்தம்மா அப்போ சொன்னது, எனக்கு விக்கிற ஐடியாவே இல்ல, அப்புறம் எதுக்கு அவசரம்னு. பிரிட்டன்லன்னா குதிரைன்னு ஒண்ணு இருந்தாலே பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் சட்டப்படி வேணும், வம்சம் தெரியலன்னாலும் அடையாள பாஸ்போர்ட்டாவது எடுத்தே ஆகணும். இங்க அந்தக் கட்டாயம் இல்ல, பேப்பர் இல்லாமலே ஒரு குதிரை நிம்மதியா புல்லு மேஞ்சுக்கிட்டு முப்பது வயசு வரைக்கும் வாழ்ந்துடும். குட்டிக்கு வயசு ஏற ஏற ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் ஏறும், அதுதான் ஒரே அவசரம்.

பாலமினோ முடி ஓக்லஹோமால இருந்து போச்சு, இந்த தடவ எல்லா இடத்துலயும் ஒத்துப்போச்சு. நவம்பர் மூணாவது வாரம் ஏஎம்ஹெச்ஆர் தற்காலிக சர்டிஃபிகேட் தபால்ல வந்துச்சு, வளர்ந்தப்புறம் உயரம் அளந்து காட்டினாதான் நிரந்தரம். ஏஎம்ஹெச்ஏ பேப்பர் இப்போதைக்கு இல்ல, பெருசானதும் 34 இன்ச்சுக்குள்ள நின்னா அந்த தனி வழியில முயற்சி பண்ணலாம், அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க.

சர்டிஃபிகேட்ல ஓனர் இடத்துல அந்தம்மா பேரு. பிரீடர் இடத்துல, சேர்க்கை நடந்த அன்னிக்கு தாய் யாருதோ அவரு பேரு வரும், அதாவது காலண்டர் பெரியவரோட பேரு. எனக்கு கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு, விடிய விடிய முழிச்சிருந்து குட்டிய கையில வாங்கினது அந்தம்மா. அவங்களுக்கு அது ஒண்ணும் பெருசா தெரியல, மகளுக்கு ஒரு காப்பி எடுத்து அனுப்புன்னாங்க, அனுப்பினேன், அந்தப் பொண்ணு அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்களாம், குதிரை இல்லாம பேப்பர் மட்டும்னா தும்மல் வராதுல்ல. தாய்க்குதிரையோட நெறத்த சாரல்ல இருந்து சில்வர் பேன்னு மாத்துற ஃபாரம் இன்னும் என் மேஜைலதான் கிடக்கு, அதுக்கு புதுசா நாலு பக்கம் போட்டோ வேணுமாம், மழை விட்டு குதிரை காயட்டும்னு காத்துக்கிட்டு இருக்கோம்.